மூன்றில் இரண்டு பேர்

சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். கழுத்துப்பட்டை, பொத்தான் வரிசை, இரண்டு தோள்கள், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் துவைத்துக் காய்ந்த கோலத்திலேயே சுருங்கிக் கிடக்கிறது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "முதுகு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று கேட்கிறாள். "டிவியில முதுகக் காட்ட மாட்டாங்கம்மா" என்று பதில் சொல்லிவிட்டு, பழைய பேண்ட்டில் காலை நுழைக்கிறார். பேண்ட்டின் முழங்கால் வெளுத்திருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு. இடுப்புக்கு மேலே பொருளாதார நிபுணர், இடுப்புக்குக் கீழே கடைக்குத் தயிர் வாங்கப் போகிறவர். இந்த வேஷத்தில்தான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறி, செய்தித் தொலைக்காட்சிக்குப் போய், நாட்டின் நிலைமையைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டு வருகிறார்.

அங்கே ஒப்பனை செய்கிற பெண் இவருடைய நெற்றியைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவாள். "சார், உங்க நெத்தி தலைக்குப் பின்னாடி வரைக்கும் போகுதே சார்" என்று சொல்லிக்கொண்டே பவுடரை அப்புவாள். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். விவாத மேசையில் ஆளுக்கொரு பீங்கான் கோப்பை வைத்திருப்பார்கள். முதல் நாள் அதை நம்பி எடுத்து வாயில் கவிழ்த்தவர் இவர். உள்ளே ஒன்றுமே இல்லை. நேரலையில் வெறும் கோப்பையை உறிஞ்சிவிட்டு, ஏமாந்தது தெரியக் கூடாது என்று உதட்டையும் துடைத்துக்கொண்டார்.

விவாதம் என்பது அங்கே என்ன லட்சணத்தில் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுங்கட்சிக்காரர் ஒரு பக்கம், எதிர்க்கட்சிக்காரர் ஒரு பக்கம், நடுவில் நெறியாளர். மூவரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். இவர் ஓரத்தில் உட்கார்ந்து, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற மாணவனைப் போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசியில் நெறியாளருக்கு இரக்கம் வந்து, "சொல்லுங்க சார், முப்பது செகண்டுதான்" என்பார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது..." என்று ஆரம்பிப்பார். அது எந்த ஆண்டு எடுத்த கணக்கு, யார் எடுத்தார்கள், எத்தனை வீடுகளில் விசாரித்தார்கள் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் முப்பது வினாடி ஓடிப் போயிருக்கும். "நன்றி சார், முக்கியமான கருத்து" என்று நெறியாளர் அடுத்தவரிடம் தாவிவிடுவார். கருத்து இன்னும் வரவே இல்லை என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லூரியில் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரும் அதுதான்: அதாவது சார். அவருக்கும் தெரியும். கோபம் கிடையாது. "பேரு வைக்கிற அளவுக்காவது கவனிக்கிறாங்களே" என்பார்.

அந்தக் கல்லூரியில் அவர் தற்காலிக விரிவுரையாளர். பதினான்கு வருடமாகத் தற்காலிகம். மணிக்கணக்குக்குச் சம்பளம், கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. ஆசிரியர் அறையில் அவருக்கு அரை மேசை. மீதி அரையில் குடிதண்ணீர்க் கேன் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அவருடைய புத்தகத்தின் மேல் தம்ளரை வைத்துவிட்டுப் போவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்ததும் அந்தக் கேனின் புண்ணியத்தில்தான். மூத்த பேராசிரியர் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, நிலையத்திலிருந்து ஒரு பெண் துறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அன்றாடம் மாலைக்குள் மூன்று நாற்காலிகளை ஆள் பிடித்து நிரப்புவதுதான் அவளுக்கு வேலை. தொலைபேசி கேனுக்குப் பக்கத்தில் இருந்தது. கேனுக்குப் பக்கத்தில் இவர் இருந்தார். அன்று முதல் இவர் பெயருக்குக் கீழே பொருளாதார நிபுணர் என்று எழுத்து ஓடத் தொடங்கியது.

ஆனால் மனிதர் பாடம் நடத்தினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒன்று சொல்லிக் கொடுப்பார். "இந்த வகுப்புல தூங்குறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு கடைசி பெஞ்சு. ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்பார். முன்பெஞ்சு உற்சாகமாக ஒத்துக்கொள்ளும். "அப்ப கடைசி பெஞ்சுல முக்கால்வாசிப் பேரு தூங்குறாங்கன்னு சொல்லலாமா?" முன்பெஞ்சு அதற்கும் தலையாட்டும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். "கூடாது! அங்கே பன்னெண்டு பேரு இருக்கான், மூணு பேருதான் தூங்குறான். மீதிப் பேருக்கு ஏன் கெட்ட பேரு வாங்கித் தர்றீங்க?" கடைசி பெஞ்சு கைதட்டும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு மதம் மாதிரி.

வீட்டிலும் அதே பாடுதான். மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். காலை முதல் மாலை வரை கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றபடி. ஒரு நாள் வந்து, "ஊரே காய்ச்சல்ல படுத்திருக்குங்க" என்றாள்.

"எத்தனை பேர்ல எத்தனை பேரு?"

"இன்னிக்கு வந்த அத்தனை பேருக்கும் காய்ச்சல்."

"மருந்துக் கடைக்கு வர்றவனுக்குக் காய்ச்சல் இல்லாம கல்யாணமா இருக்கும்?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய பாதத்தை அழுத்தி விட்டுக்கொண்டே, "உங்ககிட்ட ஒரு பேச்சு பேச முடியுதா" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். சிரிப்பும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நாக்கு புரண்டது.

அன்று விவாதத்தின் தலைப்பு வேலைவாய்ப்பு. அரசாங்கம் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டிருந்தது. வேலை இல்லாமல் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர் பட்டதாரிகள் என்று அதில் போட்டிருந்தது. படித்தவர்களுக்கு ஏற்ற வேலை நாட்டில் உருவாகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இவர் இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் படித்திருந்தார். ஆனால் நெறியாளரின் "சார், அதாவது எல்லாம் வேணாம், நேரா சொல்லுங்க, பத்து செகண்டு!" என்ற அதட்டலில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுரை இல்லாமல் பேசினார். "பட்டம் வாங்கினவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு வேலை இல்லைங்க!" என்று மேசையைக் கூடத் தட்டினார்.

ஒரு கணம் அரங்கமே அடங்கிவிட்டது. அங்கே அப்படி நடந்ததே இல்லை. ஆளுங்கட்சிக்காரருக்கு வாய் திறந்தபடியே நின்றது. எதிர்க்கட்சிக்காரர் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஒரு வெளிச்சம். ஒப்பனைப் பெண்கூடக் கதவோரம் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன். பதினான்கு வருடமாகத் தண்ணீர்க் கேனுக்குத் துணையாக இருந்தவர், ஒரு வாக்கியத்தால் ஒரு அறையை நிறுத்திவைத்தார்.

திரும்பி வருகையில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, தான் சொன்னதை மனதுக்குள் இன்னொரு தடவை ருசித்துப் பார்த்தார். பாதி வாக்கியத்திலேயே ருசி கசந்தது. தலைகீழாகச் சொல்லியிருக்கிறோம். பட்டதாரிகளில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது. வேலை இல்லாத கூட்டத்தில்தான் பட்டதாரிகள் அதிகம். கடைசி பெஞ்சு முழுவதையும் தூங்கவைத்துவிட்டோம். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலி நிரப்பும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"சார்! உங்க கிளிப் பிச்சுக்கிட்டுப் போகுது சார்!"

"அம்மா, நான் சொன்னது தப்பும்மா."

"சூப்பர் சார்... என்ன சார்?"

"தலைகீழாச் சொல்லிட்டேன். வேலை இல்லாதவங்கள்ல மூணுல ரெண்டு பேரு பட்டதாரிங்க. பட்டதாரிங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் மிகவும் மரியாதையாக, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் அழைத்தார்கள். நேரலையிலேயே திருத்திவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனார். முன்னுரை இல்லாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனதில், பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "இந்தப் புள்ளிவிவரத்தை நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர் நம்மோடு இருக்கிறார்" என்று நெறியாளர் கையை நீட்டினார். இவர், "அன்னிக்கு நான் சொன்னதுல ஒரு தப்பு..." என்றதுதான் தாமதம்.

"தப்பு இல்லைங்க, பொய்! பச்சைப் பொய்!" என்று ஆளுங்கட்சிக்காரர் எழுந்தார்.

"உண்மையச் சொன்னா உங்களுக்கு எரியுதா?" என்று எதிர்க்கட்சிக்காரர் எழுந்தார்.

"இல்லைங்க, அதாவது, ரெண்டு பேருமே கொஞ்சம்..." என்று இவர் விரலைத் தூக்கினார். விளம்பர இடைவேளை வந்துவிட்டது. ஒரு சோப்பு, ஒரு சிமெண்ட், ஒரு தலைவலி மாத்திரை. திரும்பி வந்தபோது தலைப்பு வெங்காய விலைக்கு மாறியிருந்தது. வெங்காயத்தைப் பற்றி இவர் சரியாகத்தான் பேசினார். யாரும் கேட்கவில்லை.

சரி, வகுப்பிலாவது சொல்லலாம் என்று கரும்பலகையில் இரண்டு வாக்கியத்தையும் எழுதிப் போட்டு, "இதுல ரெண்டாவதுதான் நான் டிவியில சொன்னது. அது தப்பு" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, குரலைத் தாழ்த்தி, "சார், யாராச்சும் மிரட்டுனாங்களா சார்?" என்று கேட்டான். "இல்லப்பா, சத்தியமா நானேதான்" என்றார். "புரியுது சார்" என்று அவன் கண்ணைச் சிமிட்டினான். வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. தப்பைத் தப்பு என்று சொன்ன ஒரு மனிதரை அன்று தியாகி ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில்தான் பேனர் வந்தது. அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, எதிர்க்கட்சியில் ஒரு பொறுப்பில் இருக்கிறான். வெள்ளைச் சட்டை, ஓயாத கைபேசி, யாரைப் பார்த்தாலும் தோளில் கைபோடும் பழக்கம். கெட்டவன் இல்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்கிறவன். கல்லூரிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தின் கம்பி வேலியில் அவன் ஒரு பேனர் கட்டினான். இடது பக்கம் கட்சித் தலைவர், வலது பக்கம், தொலைக்காட்சியிலிருந்து எடுத்த, விரலைத் தூக்கிய கோலத்தில் நம் ஆள். நடுவில், "பட்டதாரிகளில் மூன்றில் இரண்டு பேருக்கு வேலை இல்லை!" கீழே, "சொன்னவர் பொருளாதாரப் பேராசிரியர்." பதினான்கு வருடத்தில் கல்லூரி கொடுக்காத பதவியை மச்சினன் ஒரே ராத்திரியில் அச்சடித்துக் கொடுத்துவிட்டான். மருந்துக் கடையிலிருந்து வரும் மனைவியும் அந்த நிறுத்தத்தில்தான் இறங்கிப் பஸ் மாற வேண்டும். தினமும் புருஷன் முகத்தையும் தம்பி கட்சியையும் ஒரே துணியில் பார்த்துவிட்டு வந்தாள்.

பேனரை அவிழ்க்கச் சொன்னதும் மச்சினன் வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா.

"மாமா, அந்த வார்த்தை இப்ப உங்களோடது இல்ல. எங்க மேடையில எல்லாம் அதுதான் ஓடுது."

"மாப்ள, அது தப்புடா. சரியான கணக்கே மோசமாத்தானே இருக்கு, அதப் போடேன்."

"அது சொன்னா ஜனங்களுக்குப் புரியாது மாமா. இது புரியுது." குரலை இறக்கினான். "தேர்தல் வரட்டும். நாங்க வந்ததும் முதல்ல உங்க வேலைய நிரந்தரம் பண்ற கையெழுத்து. மேல பேசி வச்சாச்சு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

அவன் போன பிறகு மனைவி பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல் அலமாரியில் வைத்தாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். "நான் இதுவரைக்கும் உங்களை எதுவும் கேட்டதில்ல. கோடை வந்தா ரெண்டு மாசம் என் ஒருத்தி சம்பளத்துலதான் ஓட்டுறோம், அதையும் சொல்லிக் காட்டுனதில்ல. கால் முடியலங்க. நிரந்தரம் ஆச்சுன்னா நான் நின்னுக்கிட்டு வேலை பாக்குறத விட்டுடலாம். ஒரே ஒரு தடவை பேசாம இருங்களேன்."

அவர், "சரிம்மா" என்றார். வேறு என்ன சொல்வார்? அவளுடைய பாதத்தைத் தினமும் பார்க்கிறவர்.

பேசாமல்தான் இருந்தார். அவரால் முடிந்த அளவுக்கு இருந்தார். கல்லூரிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து போனார். பேனரைப் பார்க்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. தொலைக்காட்சியில் வேலைவாய்ப்பு என்றால் வயிற்று வலி என்றார், வெங்காயம் என்றால் போனார். வீட்டில் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்பது நின்றுவிட்டது. மனைவி ஒரு நாள் வேண்டுமென்றே, "ஊரே சளியில கிடக்குங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "ஆமாம்மா, இருக்கும்" என்றார். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு உள்தேர்வு வந்தது. முதலாண்டு விடைத்தாள்களை அவர்தான் திருத்தினார். வேலைவாய்ப்பு பற்றிய கேள்விக்கு, குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: பட்டதாரிகளில் மூன்றில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. அவர் வகுப்பில் திருத்திச் சொன்ன அன்று அவள் வந்திருக்கவில்லை. கை தானாகவே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டது. தாள்களைக் கொடுத்த அன்று, வகுப்பு முடிந்ததும் அவள் மேசைக்கு வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை. உண்மையிலேயே புரியாத முகம்.

"சார், இது எப்படி சார் தப்பு?"

அவர் விளக்கினார். கடைசி பெஞ்சு உதாரணத்தையும் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள், புரிந்துகொண்டாள், தலையையும் ஆட்டினாள். பிறகு கேட்டாள்: "அப்ப பஸ் ஸ்டாப்புல உங்க போட்டோ போட்டு ஏன் சார் அதையே எழுதி வச்சிருக்கீங்க? அதப் பாத்துத்தான் சார் படிச்சேன்."

"அது நான் எழுதலம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை. எழுதியவர் அவர் இல்லைதான், ஆனால் சொன்னவர் அவர்தான். சொன்னது தப்பு என்று தெரிந்த பிறகும் பேனரில் அதன் பக்கத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போனது. அவருக்கு வேலை வரப் போகிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. வேறு பெயர் அதற்கு இல்லை.

நேராக அலுவலகத்துக்குப் போய்த் தடித்த சிவப்பு மார்க்கர் ஒன்றை வாங்கிக்கொண்டார். சாலையைக் கடந்தார். பேனர் கம்பி வேலியில் உயரத்தில் கட்டியிருந்தது, கை எட்டவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டார். "எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தவர், எதற்கு என்று பார்த்ததும் பதறிப் போனார். "சார், சார், வேணாம் சார், கட்சிக்காரங்க பாத்தா கடையவே ஒரு வழி பண்ணிடுவாங்க!"

"ரெண்டு நிமிஷம்ப்பா. ஒரு வரிதான்."

மாலை நேரம், நிறுத்தம் நிறைய ஆட்கள். பொருளாதாரப் பேராசிரியர் படத்துக்குக் கீழே, அதே முகத்துடன் ஓர் ஆள் ஆடுகிற ஸ்டூலில் ஏறுவதைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது. கைபேசிகள் உயர்ந்தன. அவர் எதையும் கவனிக்கவில்லை. வாக்கியத்தின் குறுக்கே, முனையிலிருந்து முனைவரை, அவசரமில்லாமல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில், "வேலை இல்லாதவர்களில் மூன்றில்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேலிக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்கு அந்த ஸ்டூலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"முடியலம்மா" என்றார். "அந்தப் பிள்ளைக்கு மார்க் போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுடைய தோள்பைக்குள் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் தம்பி. அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவன், "யார்டா அது, எங்க பேனர்ல கை வைக்கிறது?" என்று கத்தத் தொடங்கியிருந்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலை ஒரு தடவை மாற்றி ஊன்றிக்கொண்டாள்.

பிறகு அடித்துக்கொண்டிருந்த கைபேசியை அப்படியே பைக்குள் போட்டு, பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, குனிந்து, ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்றாள். "பஸ்ல போறவங்களுக்கும் தெரியட்டும்."